துவக்குக்குக் கண்ணாடி பூட்டிய காலம்

வேட்டைத் துவக்கில் ஸ்கோப் பூட்டுவது கல்யாண மாப்பிள்ளைக்குக் கோட்டுத் தைப்பது மாதிரி; அளவு பிழைத்தால் பிழை அவன் முகத்திலேயே தெரியும்.

தெரிந்த தொழில் ஒன்று, கிடைத்த வேலை ஒன்று என்று அல்லாடிய என் சக அகதிகளே, உங்களில் முக்கால்வாசிப் பேர் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவியவர்கள். மொன்றியல் டவுன்டவுனில் நானும் கழுவினேன். பிறகு, எண்பதுகளின் நடுவில், லவாலில் ஒரு வேட்டைச் சாமான் கடையின் பின்னறையில் வேலை கிடைத்தது. ஸ்கோப் என்பது எட்டத்தில் நிற்கும் மானைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவரும் குழாய்க் கண்ணாடி. நெடுந்தூரம் சுடும் துவக்குகளில் அதை ஆடாமல் அசையாமல் பூட்டிக் கொடுக்க வேண்டும். முதலாளி ரேஷான் பேசியது பிரெஞ்சும் இங்கிலிசும் கலந்த ஒரு கசாயம். அவரையும் வாடிக்கைக்காரரையும் இங்கே தமிழில் பேச வைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலையணை

பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு. தவம் அண்ணை, செல்வா, நான். தவம் அண்ணையும் நானும் ஒரே அறை. அவர் முல்லைத்தீவுப் பக்கம். ஊரில் அவருடைய தம்பியை வீட்டு வாசல் படலையடியில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். யார் சுட்டது என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மொன்றியலில் எனக்குப் பேச்சுத் துணை என்றால் அந்த மனுசன்தான். லைட்டை அணைத்த பிறகும் கதைத்துக்கொண்டே கிடப்போம்.

புது வேலை கிடைத்த புளுகத்தில், சந்தோசம் தாங்காமல், சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். துவக்குக் கடை என்றதும் செல்வா சோற்றைக் குழைப்பதை நிறுத்தி, "உண்மையைச் சொல்லும், நீர் எந்த இயக்கம்?" என்று கேட்டான். பாதி பகிடி, பாதி பயம். ஒரு இயக்கமும் இல்லை, சுன்னாகத்தில் தண்ணீர்ப் பம்ப் திருத்தினவன் என்று சொன்னேன். தவம் அண்ணை எழும்பினார். கையைக் கழுவினார், அறைக்குள் போய்த் தன் தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அன்றிலிருந்து அவருக்குப் படுக்கை ஹோலில்தான். போகிற போக்கில் ஒன்று மட்டும் சொன்னார்:

"துவக்குக்கு முன்னால நிண்டு ஓடி வந்தனாங்கள், தம்பி. நீ பின்னால போய் நிண்டிட்டாய்."

பம்ப் திருத்தின கை

தண்ணீர்ப் பம்ப் திருத்தினவனுக்கு ஒரே வேதம்: ஒழுகினால் இறுக்கு. இனித் திரும்பாது என்னும்வரை இறுக்கு. முதல் கிழமையே ஒரு புது ஸ்கோப்பை அப்படித்தான் பூட்டினேன். இரண்டு வளையத்துக்குள் குழாயை வைத்து, ஸ்க்ரூக்களைப் பல்லைக் கடித்து இறுக்கினேன். கழற்றிப் பார்த்தால், வளையம் பிடித்த இடத்தில் குழாய் நசுங்கிக் கிடந்தது. குறியைத் திருத்தத் திருகினால் உள்ளே நகரவேண்டிய கண்ணாடி நகரவில்லை. புதுச் சாமான் பாழ்.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். தவம் அண்ணையிடம் போய், 'அண்ணை, நீங்கள் விரும்பின மாதிரியே வேலையிலயிருந்து கலைச்சுப் போட்டாங்கள்' என்று சொல்லலாம், இரவைக்குப் பழையபடி கதைக்கலாம் என்று ஒரு அற்ப சந்தோசம்கூட வந்தது. ரேஷான் திட்டவில்லை. சின்னச் சாவியை இரண்டு விரலால் மட்டும் பிடித்து, குறுக்குமறுக்காக ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் கொடுத்துக் காட்டினார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"இதிலிருந்து தண்ணீர் வராது. விட்டுவிடு."

ஆகஸ்டில் குளிர்கோட்டு

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும். கூடினால் காட்சி சுருங்கி ஓரமெல்லாம் கறுக்கும். குறைந்தால் துவக்கு உதைக்கும்போது ஸ்கோப் வந்து புருவத்தைக் கொத்தும். அந்த முதல் கோடையில் ஒரு வாத்தியார் மெல்லிய சேட்டோடு வந்தார். அளவு பார்த்துப் பூட்டிக் கொடுத்தேன். நவம்பரில் புருவத்துக்கு மேல் பிறை மாதிரி ஒரு வெட்டுக் காயத்தோடு திரும்பி வந்தார். தடித்த கோட்டுப் போட்டதும் துவக்கு முன்னால் தள்ளிப் போயிருக்கிறது, காட்சி தெரியாமல் மனுசன் கழுத்தை நீட்டியிருக்கிறார், உதை வாங்கியிருக்கிறார். அவர் வேட்டைக்குப் போவது பனியில் என்பது எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. எங்களுக்கு எந்த மாதமும் ஒரே சேட்டுத்தானே.

அடுத்த ஆகஸ்டில் சட்டம் போட்டேன். வருகிறவர் குளிர்கோட்டோடு வர வேண்டும். கோட்டைப் போட்டு, கண்ணை மூடி, துவக்கைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, அதற்குப் பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். தலையை அசைக்காமலே வட்டம் முழுதாகத் தெரிந்தால் அளவு சரி. பின்னறையில் ஒரு ஓட்டைக் காத்தாடி மட்டும்தான். வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்ற ஒரு லொறிக்காரர் கேட்டார்:

"சுடுகிற நாட்டிலிருந்து வந்த நீயா எனக்குக் குளிரைப் படிப்பிக்கிறாய்?"

நூல்

ஸ்கோப்புக்குள் தெரியும் சிலுவைக் கோடு நிமிர்ந்து நிற்க வேண்டும். கொஞ்சம் சரிந்தாலும் கிட்டத்தில் தெரியாது, எட்டத்தில் குண்டு விலகிப் போகும். சுவர் கட்டுகிறவர்கள் செய்கிற மாதிரி நூலில் ஒரு நட்டைக் கட்டி முற்றத்தில் தொங்கவிட்டு, கோட்டை அந்த நூலோடு ஒட்டவைத்துப் பூட்டுவேன். ஒரு கிழவர் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, சரிவு, சரிவு என்று சத்தம் போட்டார். துவக்கைக் கட்டையில் வைத்து நூலைக் காட்டினேன். நேராக நின்றது. திரும்பத் தோளில் வைத்தார். சரிவு. மெல்லத் துவக்கை இறக்கினார்.

"அப்படியென்றால் இவ்வளவு காலமும் நான்தானா கோணலாக நின்றேன்?"

ஆள் இல்லாத இடம்

பூட்டி முடித்ததும் துவக்கின் பின்பக்கப் பூட்டைக் கழற்றி, வெறும் குழலுக்குள்ளால் எட்டத்தில் ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். பிறகு துவக்கு அசையாமல் ஸ்கோப்பின் கோட்டையும் அதே பொருளுக்குத் திருப்ப வேண்டும். பின் யன்னலால் ஒரு பழைய தொழிற்சாலையின் புகைபோக்கி தெரியும். அதுதான் என் குறி. மூடிய தொழிற்சாலை, புகையும் இல்லை. நாள் முழுக்க நான் முகம் பார்த்தது அந்தப் புகைபோக்கியைத்தான்.

பின்னேரம் பஸ், ஹென்றி புராசாவிலிருந்து மெட்ரோ, மூன்று மாடிப் படி. கதவைத் திறந்தால் ஹோலில் தவம் அண்ணை இருப்பார். எனக்குச் சொல்ல வேண்டியதைச் செல்வாவுக்குச் சொல்லுவார். "செல்வா, வாறவரைக் கதவை வடிவாச் சாத்தச் சொல்லு." ஒரு வருசத்துக்கு மேலாக நான் அந்த வீட்டில் 'வாறவர்'தான். அறைக்குள் போய் அவருடைய வெறுங் கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுப்பேன். சில நாள் அழுதிருக்கிறேன், அதையும் சொல்லத்தானே வேண்டும். ஒருநாள் கடையில் குழலைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டேன். யாராவது மனிதர் போவது தெரியாதா என்ற ஆசை. ரேஷான் வந்து குழலைப் பிடித்துப் பழைய இடத்துக்கே திருப்பினார்.

"ஆள் இல்லாத இடத்தைப் பார். பின்னால் நிற்கிறவனுக்கு முதல் ஒழுங்கு அது."

சந்தனம்

கடையில் என் இரண்டாவது ஒக்டோபரில் ஆயுத பூசை வந்தது. ஊரில் பம்ப் கடையில் திருப்புளி, சாவி, குறடு எல்லாம் கழுவி அடுக்கிப் பொட்டு வைப்போம். இங்கேயும் மேசையைத் துடைத்துச் சாமான்களுக்குச் சந்தனம் வைத்தேன். துவக்குகளுக்கு வைக்க மனம் வரவில்லை. ஆனால் அன்றைக்குப் பூட்டவிருந்த வளையங்களை எப்படி விடுவது? வெளியே வைத்தால் ரேஷான் கேள்வி கேட்பார் என்று வளையத்தின் உள்பக்கத்தில், யாருக்கும் தெரியாமல், ஆளுக்கொரு பொட்டு வைத்தேன்.

வளையத்தின் உள்பக்கம் எண்ணெயோ தூசோ இல்லாமல் காய்ந்து கிடக்க வேண்டும், குழாயை அதுதான் கவ்விப் பிடிக்கிறது. பக்தியில் அது மறந்து போனது. அந்தத் துவக்கு கஸ்தோன் என்ற பண்ணைக்காரருடையது. காட்டில் சரிபார்க்கச் சுட்ட வெடிகளிலேயே ஸ்கோப் வழுக்கத் தொடங்கியிருக்கிறது. பிறகு முன்னால் வந்து நின்ற மூஸ் என்ற பெரிய காட்டு மானை விட்டு எங்கேயோ மரத்தைச் சுட்டிருக்கிறார். கடைக்கு வந்து நானே கழற்றினேன். உள்ளே மஞ்சளாய் ஒரு பூச்சு. அவர் குனிந்து மணந்து பார்த்தார். என்னவென்று சொல்லித்தானே ஆக வேண்டும், சொன்னேன். துடைத்து, காயவிட்டு, அவர் முன்னாலேயே திருப்பிப் பூட்டிக் கொடுத்தேன்.

"மணம் நல்லது. ஆனால் உன் கடவுள் மூஸின் கட்சி போலிருக்கிறது."

மரை

மாதம் முடிவதற்குள் கஸ்தோன் திரும்ப வந்தார். இந்த முறை கையில் கடதாசியில் சுற்றிய ஒரு பெரிய பொதி. மூஸ் விழுந்துவிட்டதாம்; பூட்டியவனுக்கும் பங்கு உண்டாம், அது அவர்கள் வழக்கமாம். பொதியை மடியில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் வந்தேன்.

செல்வா எட்டிப் பார்த்து, "மாடோ?" என்றான். அவன் மாடு தொடமாட்டான். "இல்லையடா, கொம்பு வைச்ச மான்சாதி. எங்கடை மரை மாதிரி, அதைவிடப் பெரிசு" என்றேன். மரை என்றதும் ஹோலில் தவம் அண்ணை பேப்பரை மடித்தது கேட்டது. வன்னிக்காட்டு மரை இறைச்சி முல்லைத்தீவுக்காரனுக்கு என்னவென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவரும் தம்பியும் மரை இறைச்சி வத்தலுக்குச் சட்டிக்குள் கைவிட்டு அடிபட்ட கதையை, கதைத்த காலத்தில், எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார்.

மிளகு போட்டுப் பிரட்டலாக வைத்தேன். செல்வா இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டான். நான் மூன்றாவது கோப்பையில் சோறும் கறியும் போட்டு, ஒன்றும் சொல்லாமல், ஹோலில் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினாலும் கொட்டட்டும் என்று நினைத்தேன். குசினிக்குள் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் கோப்பை உரசும் சத்தம் கேட்டது. பிறகு தவம் அண்ணை எழும்பி வந்து குசினி வாசலில் நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. செல்வாவை அவர் பார்க்கவில்லை. வெறும் கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

"தம்பி, உப்புக் காணாது."

எட்டத்தில் நிற்பதைக் கிட்டக் காட்டும் கண்ணாடி எத்தனையோ பூட்டிக் கொடுத்தேன், ஆனால் ஒரு சுவருக்கு அப்பால் படுத்திருந்த மனுசனைக் கிட்டக் கொண்டுவர எனக்குக் கறியில் உப்புப் பிழைக்க வேண்டியிருந்தது.