எடை பார்த்துப் பழகிய கண்

மலேசியாவில், கிள்ளான் வீட்டில் ஜெமிமா பெட்டிக்குள் மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். விமானியான கணவன் எபனேசரோடு பாப்புவா நியூகினி மலைகளில் ஓராண்டு மிஷன் ஊழியம் செய்துவிட்டு விடுப்பில் வந்தவள், நாளை திரும்ப வேண்டும். அங்கே சின்ன விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரையும் எடை பார்த்து எழுதுவது அவள் வேலை; தராசுக்கு முன்பே கண் சொல்லிவிடும்.

எப்போதும் தொளதொளச் சட்டையில் இருக்கும் மாமனார் ஞானமுத்து, பெட்டியைக் கட்டப் பனியனோடு வந்தார்.

"மாமா, போன வருஷம் எழுபது கிலோ இருந்தீங்க. இப்போ அறுபதுகூட வராது."

"டயட் லா."

"காலையில ரெண்டு பொட்டலம் நாசி லெமாக், அத்தனை தேங்காப்பால் சோறு சாப்பிட்டுட்டு டயட்டா? எத்தனை மாசமா மறைக்கிறீங்க?"

அவர் பெட்டிப் பூட்டையே பார்த்தார். "சொன்னா நீங்க ஊழியத்துக்குப் போகமாட்டீங்களேம்மா."

மறுநாள் காலை எபனேசர் மட்டும் விமானம் ஏறினான். ஜெமிமா மாமனாரை வெறும் வயிற்றோடு சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனாள்.