சசாஃப்ராஸ் மரத்தடியைக் கூட்டாதீர்கள்

குப்பை என்று சொன்னார். என் மரத்தின் காலடியில் நான் பார்த்துப் பார்த்துப் பரப்பி வைத்திருந்த சருகையும் மரச்சீவலையும் கணவரின் அக்கா குப்பை என்று சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை, கூட்டியும் விட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து விசிற்றர் விசாவில் எங்கள் நோபல் பார்க் வீட்டுக்கு வந்திருந்தவர். விடிந்ததும் வளவு கூட்டாவிட்டால் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது. வந்த கிழமையே தமிழ்க் கடையில் ஈர்க்கு விளக்குமாறு தேடி வாங்கிவிட்டார். முன்பக்கத்தைக் கூட்டட்டும், கராஜைக் கூட்டட்டும், எனக்கென்ன? ஆனால் தெற்கு வேலியோரம் என் சசாஃப்ராஸ் நிற்கிறது.

அது இந்த நாட்டு மரம். பெரணி அடர்ந்த மலைப் பள்ளங்களில், ஈரத்திலும் நிழலிலும் வளர்வது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கன்றில் தொங்கிய இங்கிலிஷ் அட்டையை வாசிக்கப் பயந்து, செடிக்கடைப் பெண்ணிடம் வாயால்தான் கேட்டேன். வேர் சூடாகக் கூடாது, சருகுப் போர்வை இல்லாவிட்டால் உங்கள் பக்கத்து வெயிலுக்கு நிற்காது என்றார். பாடமாக்கிக்கொண்டு வந்தேன்.

எனக்கு எதற்கும் பயம். போன் அடித்தால் பயம், வேலையில் சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பயம். நெஞ்சு படபடக்கும்போது அந்த இலையில் ஒன்றைக் கசக்கி மணந்தால் கொஞ்சம் அடங்கும். கறிக்கும் உதவாது, காயும் தராது. எனக்கு அது போதும்.

அவர் முதன்முதலில் அதைக் கூட்டிய அன்று, வேலையால் வந்து பார்த்தபோது மரத்தடி மொட்டை மண்ணாகக் கிடந்தது. விளக்குமாற்றுக் கோடுகள் விசிறிபோல அழகாகத் தெரிந்தன. அந்த அழகைப் பார்க்கத்தான் எனக்குப் பற்றி எரிந்தது.

“மச்சாள், அது மரத்துக்கெண்டு போட்டது.”

“பாம்பு படுக்கும் பிள்ளை. வாற சனம் என்ன சொல்லும்? இந்த வீட்டில பொம்பிளையள் இல்லையோ எண்டு கேக்கும்.”

“வேலிக்கரைக்கு ஒருத்தரும் வாறேல்லை மச்சாள்.”

“நான் வந்தனான்தானே!”

மரச்சீவல் மூட்டை வாங்கி வந்து மறுபடி பரப்பினேன். கணவரிடம் சொன்னேன்.

“அக்காவோட ஒண்டும் கதைக்காதையும். கையை வச்சுக்கொண்டு சும்மா இருக்க அவவுக்கு ஏலாது.”

அவவுக்கு ஏலாது. எனக்கு மட்டும் ஏலும் என்று யார் இவருக்குச் சொன்னது?

பிறகு அந்த வெயில் வந்தது. பாலைவனச் சூட்டை அள்ளிவரும் வடக்குக் காற்றோடு நெருப்பாகக் கொளுத்தும் என்று போன் எச்சரித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மரத்துக்கு நிறையத் தண்ணீர் விட்டேன். சருகை இன்னும் தடிப்பாகப் போட்டேன். தடிகள் நட்டு, என் பழைய சீலையை நிழலுக்குக் கட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது சருகு இல்லை. மச்சாள் அதைத் தோட்டக் குப்பைக்கான பச்சைத் தொட்டியில் கொட்டி, கவுன்சில் லொறி எடுத்தும் போய்விட்டது. சீலை? மடித்து என் கட்டிலில் வைத்திருந்தார். நல்ல சீலை வெயிலில் வீணாகப் போகுதாம். மரத்தின் உச்சி தொங்கிவிட்டது. இலைகள் கருகிய அப்பளம்போல ஓரம் சுருண்டு நின்றன. மண்ணில் கைவைத்தேன், சுட்டது.

நான் கத்தினேன். கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் அந்த வீட்டில் என் குரல் அப்படிக் கேட்டதில்லை.

“சாக்காட்டிப் போட்டியள்! சொல்லச் சொல்ல, என்ர மரத்தைச் சாக்காட்டிப் போட்டியள்!”

கணவர் ஓடிவந்தார். “ஒரு மரத்துக்கே இப்பிடிக் கத்துறீர்? அக்கம்பக்கம் கேக்கப்போகுது.”

“கேக்கட்டும்!”

குசினி வாசலில் மச்சாள் ஈரக் கையோடு நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

“அப்ப நான் விடியக் காலமை என்னத்தைக் கூட்டிறது?”

“ரோட்டைக் கூட்டுங்கோ!”

மறுநாள் அவர் உண்மையிலேயே ரோட்டைக் கூட்டினார். கவுன்சிலில் யாராவது முறையிடுவார்களோ என்று ஒரு பக்கம் பயம். கூட்டட்டும் என்று மறுபக்கம் ஆத்திரம். நான் மரத்தடிக்குப் போய்ப் பட்டையை நகத்தால் சுரண்டினேன். மேலே காய்ந்த பழுப்பு. இடுப்பளவுக்குக் கீழே சுரண்டியபோது பச்சை. ஈரப் பச்சை.

மேல்பாதி போய்விட்டது. கீழ்ப்பாதியை விடுவதாக இல்லை. கிடைத்த சருகையெல்லாம் அள்ளிவந்து குவித்தேன். மரத்தடிக்குப் போகிற பக்கவாசல் கேற்றுக்குப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியைக் கையில் எடுத்தேன்.

“பூட்டிப்போட்டுத் திறப்பையும் கொண்டு போறீரோ? வீடு நெருப்புப் பத்தினா அக்கா எந்தப் பக்கத்தால ஓடுறது?” என்று கணவர் கேட்டார்.

நெருப்பை நான் அவருக்கு முதலே யோசித்துவிட்டேன். நான் யோசிக்காத நெருப்பா?

“முன்வாசலாலை,” என்று சொல்லித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டேன்.