அடைப்புக்குறிக்குள் இருந்த விடை

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு வைப்பார்கள். ஒரு குழுவின் முன்னால் நின்று இத்தனை வருடம் செய்ததை விளக்க வேண்டும். அவர்கள் தலையாட்டினால்தான் அடுத்த கட்டம். என் பதிவுக்காலம் ஒருமுறை நீட்டிக்கப்பட்டு, அந்த மாதத்தோடு முடியவிருந்தது. புனேயில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பொறியியல் கல்லூரியின் முதல்வர், பட்டம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வேலை இல்லை என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். இந்த மாதிரி விஷயங்களைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்களை எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. என் ஆராய்ச்சி சமன்பாடுகளுக்கு விடை தேடும் முறைகளைப் பற்றியது. நேரடியாகத் தீர்க்க முடியாத சமன்பாட்டுக்கு ஓர் ஊகத்தை வைத்துத் தொடங்குவோம். அந்த ஊகத்திலிருந்து இன்னும் நல்ல ஊகம், அதிலிருந்து அதைவிட நல்லது என்று விடையை நெருங்கிக்கொண்டே போவோம். சாதாரணமாகச் சமன்பாட்டை வரைந்தால் வரும் வளைகோடு அச்சை வெட்டிக்கொண்டு போகும் இடம்தான் விடை. அங்கே பழைய முறைகளே மளமளவென்று வேலை செய்யும். ஆனால் சில சமன்பாடுகளில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று விடைகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். வளைகோடு அங்கே அச்சோடு படுத்துக்கொள்ளும். பழைய முறைகள் அதன் பக்கத்தில் போனதும் நொண்ட ஆரம்பித்துவிடும். அந்த இடத்திலும் நொண்டாமல் ஓடுகிற ஒரு முறையை நான் உருவாக்கியிருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்கள் நான்கு மடங்காகும். நிரூபணம் இருந்தது. கணினியில் ஓட்டிய அட்டவணைகளும் இருந்தன. எனக்கு அதில் கர்வமும் இருந்தது.

அந்தக் கர்வம்தான் என்னை மாட்டிவிட்டது. கருத்தரங்கு திங்கட்கிழமை. சனிக்கிழமை மதியம் கல்லூரி லேபில் உட்கார்ந்து, புரொஜெக்டருக்கான கண்ணாடித் தாள்களில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தேன். என் முதல் உதாரணம் அடைப்புக்குறிக்குள் (x − 1.3), அதற்கு மேலே சின்னதாக 3, பக்கத்தில் இன்னொரு கோவை. திரையில் பெரிதாகப் பார்க்கும்போது பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி இருக்குமே என்று தோன்றியது. கொஞ்சம் கனமாகத் தெரியட்டும் என்று எல்லாவற்றையும் பெருக்கி விரித்து எழுதினேன். ஒரு வரி நிறைய எண்களோடு பார்க்க ஜோராக இருந்தது. எழுதியதை எழுதியபடியே ஓட்டிவிடுவோம் என்று புரோகிராமிலும் அப்படியே மாற்றினேன்.

முதலில் ஓர் இலக்கம் சரியாக வந்தது. அடுத்த சுற்றில் நான்கு. அதற்கடுத்த சுற்றில் பதினாறு வந்திருக்க வேண்டும். எண் துள்ளிக்கொண்டு எங்கோ போய்விட்டது. தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திரும்ப ஓட்டினேன். கொஞ்சம் வேறு ஊகத்தில் தொடங்கினேன். ஐந்தாம் இலக்கத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசையில் ஓடியது.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். என் வழிகாட்டியின் ஆய்வுக் கட்டுரையை எடுத்தேன். என் முறை அவருடைய முறையின் மேல்தான் நிற்கிறது. அவருடைய உதாரணங்களும் அடைப்புக்குறிகளில்தான் இருந்தன. அவற்றையும் விரித்து எழுதி ஓட்டினேன். எல்லாம் அதே மாதிரி உடைந்தன.

ஞாயிறு காலை சிஞ்ச்வட் வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவருமே கோயம்புத்தூர்ப் பக்கம்.

"பிராக்கெட்டுல போட்டாலும் பிரிச்சுப் போட்டாலும் ஒரே கணக்குதான கண்ணு?" என்றார்.

"காயிதத்துல ஒண்ணுதானுங்க. மெஷினுக்கு ஒண்ணில்லீங்க. பிரிச்சு எழுதுனா பெரிய பெரிய நம்பரைக் கூட்டிக் கழிக்குது. கடைசில மிஞ்சறது துளியூண்டு. உங்க கம்பெனில லாரியவே நிறுக்கற எடைமேடை இருக்குதுல்ல, அதுல கடுகைப் போட்டு நிறுக்கற மாதிரி."

"அப்ப பிராக்கெட்டுல போட்டே காட்டீரு. எதுக்கு வம்பு?"

"பிராக்கெட்டுக்குள்ள விடை எழுதியிருக்குதுங்க! ஒண்ணு புள்ளி மூணுன்னு நானே எழுதி வெச்சுட்டு, அதைக் கண்டுபுடிக்க ஒரு முறை கண்டுபுடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன்."

"இதை இத்தன வருசமா யாருமே பாக்கலியா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து போனேன்.

திங்கள் காலை லோக்கல் ரயிலில் கூட்டம் நெரிந்தது. கண்ணாடித் தாள்கள் மடங்கிவிடக் கூடாதே என்று கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். விரித்து எழுதிய உதாரணத்தையும், அதன் உடைந்த அட்டவணையையும் ஒரு தனித் தாளில் எழுதிக் கடைசியில் வைத்திருந்தேன். அதைக் காட்டப் போகிறேனா இல்லையா என்று இறங்கும்வரை எனக்கே தெரியவில்லை.

வழிகாட்டி மராத்திக்காரப் பெண்மணி. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு இந்தியும் ஆங்கிலமுமாக நடக்கும். பதற்றம் வந்தால் மட்டும் அவர் மராத்திக்குப் போய்விடுவார்.

"காய் ஜாலா? முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றார், என்ன ஆச்சு என்று.

என் உதாரணம் உடைந்ததை மட்டும் சொன்னேன். அவருடையதும் உடைந்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவர் தாளை வாங்கிப் பார்த்தார். அதிகம் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"பிராக்கெட்டை அப்படியே விடு. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. உன் பதிவு இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அப்ப இதைக் கோப்புக்குள்ள வை."

வைத்தேன்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஒல்லியான மனிதர், ஓய்வு பெற்ற பேராசிரியர். வழிகாட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். புரொஜெக்டரின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. நிரூபணம் வரை தடங்கல் இல்லாமல் போனது. அட்டவணைத் தாளை வைத்தேன். இலக்கங்கள் நான்கு மடங்காகப் பெருகுவது திரையில் அழகாகத்தான் தெரிந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு சின்ன சந்தேகம். நிஜமா ஒருத்தருக்கு வர்ற சமன்பாடு இப்படி பிராக்கெட் போட்டு வருமா?"

"வராது சார்."

"வந்தா அவருக்கு உங்க முறை வேணுமா?"

அறையில் யாரோ சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. வழிகாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் தலை லேசாக அசைந்ததோ, எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ, தெரியாது. கோப்பிலிருந்து கடைசித் தாளை எடுத்துத் திரையில் போட்டேன்.

சிரிப்பு நின்றது. தலைவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று படித்தார். "அஞ்சு இலக்கம். அதுக்கு மேல ஏன் வரலை?"

இதற்கான பதிலை ஞாயிறு முழுதும் உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தேன். "மெஷின் பதினாறு இலக்கம்தான் வெச்சுக்கும் சார். மூணு விடை ஒரே இடத்துல இருந்தா, அதுல மூணுல ஒரு பங்குதான் நம்பலாம். அதுக்கு மேல மெஷின் சொல்றது வெறும் குப்பை."

"வேற முறையில?"

"எந்த முறையிலயும் இவ்வளவுதான் சார். குறை முறைல இல்லை. சமன்பாட்டை விரிச்சு எழுதினதுமே மிச்ச இலக்கமெல்லாம் போயிடுது."

"அப்ப நாலு மடங்குன்னு நீங்க சொல்றது?"

"காகிதத்துல உண்மை. இந்த மெஷின்ல அதைப் பார்க்கவே முடியாது."

என் ஆய்வேட்டை நானே குழி தோண்டிப் புதைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வேலை, பதிவு, முதல்வரின் சிரிப்பு எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. தலைவர் விடவில்லை.

"உங்க உதாரணம் மட்டும்தான் இப்படியா? இந்த வகைக் கட்டுரை எல்லாமேவா?"

இந்தக் கேள்விக்குத்தான் பயந்திருந்தேன். என்னுடையது மட்டும் என்றால் பச்சைப் பொய். எல்லாம் என்றால், முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் இருபது ஆண்டுப் பெயர் இந்த அறையிலேயே போகும். எனக்கு இருந்த ஒரே ஆதரவும் போகும். வாயைத் திறந்தேன்.

"எல்லாமேதான்," என்றார் வழிகாட்டி. உட்கார்ந்தபடியே சொன்னார். "என்னோடதும்தான். முதல் கட்டுரை எழுதும்போதே விரிச்சுப் போட்டுப் பார்த்தேன். உடைஞ்சது. பிராக்கெட்டுல போட்டு அனுப்பினேன்."

தலைவர் தன் இருக்கைக்குத் திரும்பிப் போய் மற்ற இருவரோடும் தாழ்ந்த குரலில் பேசினார். வழிகாட்டி தன் கைப்பையின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தலைவர் சொன்னார்: இந்த ஐந்து இலக்க எல்லையைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுத வேண்டும். ஆய்வேட்டில் அதுதான் முதலில் வர வேண்டும். அதற்காகப் பதிவை நீட்டிக்கக் குழு பரிந்துரைக்கும். வழிகாட்டிக்குச் சம்மதமா என்று கேட்டார். அவர் சம்மதம் என்றார்.

பிழைத்தேன் என்ற நினைப்பில் கண்ணீரே வந்துவிட்டது. அது காய்வதற்குள் கோபம் வந்தது. என்னைக் காப்பாற்றியவர் இவர்தான். ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காப்பாற்றவே வேண்டியிருக்காது. இத்தனை வருடம் நான் அந்தக் குழிக்குள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். காலையில்கூடத் தாளைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

கேன்டீனில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து எதிரே உட்கார்ந்தார். "கோபமா?" என்றார்.

"ஆமா மேடம். ரொம்ப."

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "எனக்கும் அன்னிக்கு என் மேலயே வந்தது," என்றார். "ஒரு வாரம் இருந்தது. அப்புறம் பழகிப் போச்சு. உனக்குப் பழகறதுக்குள்ள எழுதிடு."

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து அங்கிருந்த கணினி லேபுக்குப் போனேன்.