வாயு என்று சொன்ன வலி

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலை, ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் சீரண மண்டலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தொப்புளைச் சுற்றி வலி தொடங்கியது. மதியத்துக்குள் அது வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது.

பள்ளிக்கு அருகிலிருந்த டாக்டரிடம் போனேன்.

"அப்பெண்டிக்ஸா (குடல்வால்) இருக்குமோ டாக்டர்?"

அவர் என் வயிற்றில் கைகூட வைக்கவில்லை. "கல்யாணமாகி எத்தனை வருஷம் டீச்சர்?"

"ஆறு."

"குழந்தை இல்லாத ஏக்கம் வயித்துக்கு வந்துடும். வெறும் வாயு."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பேதி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள், உறையூருக்கு வீடு திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தில் குலுங்கியபோதெல்லாம் உயிர் போனது. திடீரென்று வலி நின்றது. அவர் சொன்னது சரிதானோ என்று வெட்கப்பட்டேன். குடல்வால் வெடித்த நேரம் அது. இதைப் படிக்கும் நோயாளிகளே, அப்படி வரும் நிம்மதியை நம்பாதீர்கள்.

இரவுக்குள் வயிறு பலகையாக இறுகியது. ஆஸ்பத்திரியில் பெரிடோனைட்டிஸ் (வயிற்றறையின் உட்சவ்வில் அழற்சி) என்றார்கள். அறுவை செய்த டாக்டரம்மா பிறகு சொன்னார்: "வெடிச்ச எடத்த ஓமென்டம் போய்ச் சுத்திக்கிட்டிருந்துச்சும்மா. இல்லன்னா உங்களக் காப்பாத்தியிருக்க முடியாது." ஓமென்டம் (குடலுக்கு முன்னால் திரைபோல் தொங்கும் கொழுப்புச் சவ்வு) பற்றி நான் வகுப்பில் ஒரு வரிகூடச் சொன்னதில்லை.

மூன்று வாரம் குழாய் வழியே சீழ் வடிந்தது. அந்த வாரங்களில் நான் ஜெபமாலையைத் தொடவில்லை. வாயு என்று சொன்ன அந்த டாக்டரின் முகத்தையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

பள்ளி ஆய்வகத்துக்கு வேண்டும் என்று கேட்டு, வெட்டியெடுத்த குடல்வாலை ஃபார்மலின் (உறுப்பு அழுகாமல் காக்கும் திரவம்) பாட்டிலில் வாங்கிக்கொண்டேன். உண்மையில் எதற்கென்று என் கணவர் அந்தோணிக்குப் புரிந்துவிட்டது.

"மன்னிச்சு விட்டுடு மேரி."

"அவரு கேக்கட்டும், பாக்கலாம்."

கூட்டம் அதிகமுள்ள திங்கட்கிழமை காலையாகப் பார்த்துப் போனேன். பாட்டிலை அவர் மேஜையில் வைத்தேன்.

"என்ன இது?"

"நீங்க சொன்ன வாயு."

அவர் முகம் வெளுத்தது. "உள்ள வாங்க டீச்சர், பேசிக்கலாம்."

"வேணாம். அன்னிக்கு எல்லார் முன்னாடியும்தான சொன்னீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "எனக்கும் கை வச்சுப் பாருங்க டாக்டர்." அவர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்து முடிக்கும்வரை நின்றிருந்தேன். மன்னிப்பு கேட்கவில்லை அவர்.

இப்போதெல்லாம் சாப்பிட்ட சோறு இந்நேரம் எந்தக் குடலில் இருக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் எனக்கு மணி தெரிகிறது. வகுப்பு நடுவே வயிறு உறுமினால் பேச்சை நிறுத்திக் கேட்கிறேன். டாக்டர் மீதுள்ள கோபம் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை.