பாறைச் சந்தில் கூலிங் கிளாஸ்

என் பெரியப்பா படகின் முனையில் நிற்பவர். அப்பா பின்னால் எஞ்சின் அருகே உட்கார்ந்திருப்பவர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து தொழிலுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து இந்த இடங்கள் மாறியதில்லை. எங்கள் கரையை ஒட்டித் தண்ணீருக்கடியில் நீளமாக ஒரு பாறைத் திட்டு ஓடுகிறது. அதில் ஓர் இடத்தில் மட்டும் இரண்டு படகுகள் ஒட்டி நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டு. அதைச் சந்து என்போம். கடலுக்குப் போகவும் வரவும் வேறு வழி கிடையாது.

சந்தை நெருங்கும்போது பெரியப்பா முனையில் ஏறி நின்று, கழுத்தை நீட்டித் தண்ணீரைப் பார்ப்பார். அதனால்தான் கரையில் அவருக்குக் கொக்கு என்று பெயர். இடது கையை நீட்டினால் இடப்பக்கம், வலது கையை நீட்டினால் வலப்பக்கம், கையைத் தாழ்த்தினால் வேகம் குறை. அப்பா முன்னால் எட்டிப் பார்க்கவே மாட்டார். அண்ணன் கையை மட்டும் பார்த்து எஞ்சினைத் திருப்புவார். எஞ்சின் பிடிப்பவர் எட்டிப் பார்த்தால் முனையில் நிற்பவரை நம்பவில்லை என்று அர்த்தம். எங்கள் கரையில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

சென்ற மாதம் ஒரு மதியம் திரும்பி வரும்போது பெரியப்பா வலது கையை நீட்டினார். அப்பா திருப்பினார். எஞ்சின் பாறையில் இடித்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. எஞ்சின் விசிறியில் ஓர் இதழ் உடைந்து கழன்று போக, நீரோட்டம் படகை விலக்கிவிட்டதால் தப்பினார்கள். அலை தள்ளிவிட்டது என்று பெரியப்பா கரையில் எல்லோரிடமும் சொன்னார். அப்பா மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, அடுப்படியில் அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். அலையே இல்லை, கடல் தட்டு மாதிரி கிடந்தது, அண்ணன் பாறையை நேராகப் பார்த்துக்கொண்டே அதை நோக்கிக் கை காட்டினார் என்று.

அதன்பின் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படகுக்குக் கிளம்பும் முன் கட்டிய தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டுவார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

யோசித்துப் பார்த்தால் எங்களுக்கெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெரியப்பா கொஞ்ச காலமாகவே தெருவில் எதிரே வருபவர்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். பேருந்து வந்து நின்ற பிறகும் எண்ணைப் பார்க்காமல் ஏறி, நடத்துநரிடம் எங்கே போகிறது என்று கேட்டார். பெரியம்மா அவர் தடுக்கிவிடாதபடி எப்போதும் அரை அடி முன்னால் நடப்பார். கேட்டால், "உங்க பெரியப்பா ஆமை மாதிரி நடந்தா நான் என்ன பண்றது" என்பார்.

கண் தெரியவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் அவர் முனையில் நிற்க முடியாது. முனையில் நிற்காவிட்டால் அவர் என்ன செய்வார் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சொல்லாவிட்டால் அடுத்த தடவை பாறை எஞ்சினோடு விடாது.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மீன் பிடிக்கிறவங்களுக்குன்னே ஒரு கூலிங் கிளாஸ் இருக்காமே. அதுலயே பவர் வச்சுக் குடுப்பாங்களாம். நீ கூட்டிட்டுப் போ. நீ சொன்னா கேப்பாரு. கண்ணுன்ற வார்த்தையே எடுக்காத."

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். மாத்திரை அட்டையில் இருந்து மின்சார வாரியம் அனுப்பும் அறிவிப்பு வரை எல்லாம் என் கைக்குத்தான் வரும். பாதி எனக்கே புரியாது, இருந்தாலும் தலையாட்டிவிடுவேன். அந்த வாரம் கண்ணாடிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயிலை மட்டும் தடுக்கும் ஒரு மெல்லிய படலம் அந்தக் கண்ணாடிக்குள் இருக்கிறது, அதற்குப் போலரைஸ்டு என்று பெயர், போட்டால் தண்ணீருக்குள் நீந்தும் மீன்கூடத் தெரியும் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் எல்லோரும் ஓய்வு நாளில் தூண்டில் போடுகிறவர்கள். அவர்களுடைய ஆபத்து மீன் தப்பிப்பது மட்டும்தான். நான் தவறாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் படகே போய்விடும்.

பெரியப்பா மறுக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பெரியம்மாதான் வாசலில் நின்று கிண்டல் செய்தார்.

"இந்த வயசுல கூலிங் கிளாஸ். பொண்ணு பாக்கவா போறீங்க?"

"நீ வேணும்னா கூட வந்து பாரு, பொண்ணு எப்படி இருக்குன்னு" என்றார் பெரியப்பா. பெரியம்மா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். சாத்திய பிறகு ஜன்னல் வழியாக நாங்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கடையில் கண் பரிசோதித்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். இருட்டறையில் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார். பெரியப்பா முதல் வரியைச் சொன்னார். இரண்டாவது வரியில் நிறுத்தினார். வலது கண்ணை மட்டும் திறந்து வைத்தபோது முதல் வரியும் வரவில்லை. நாற்காலியின் கைப்பிடியை அவர் இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அந்தப் பெண் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு, "இப்ப, இப்ப?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் பெரியப்பா அடிவரிசை வரை வாசித்தார். தூரப் பார்வை இரண்டிலும் மங்கியிருக்கிறது, வலதில் மிக அதிகம், ஆனால் கண்ணாடியில் சரியாகிறது, நோய் இருப்பதாகத் தெரியவில்லை, எதற்கும் ஒரு டாக்டரிடமும் காட்டிவிடுங்கள் என்றார் அந்தப் பெண்.

பிறகு தேர்வு. சாம்பல் நிறம் ஆழ்கடல் வெளிச்சத்துக்கு நல்லது, பழுப்பு நிறம் ஆழமில்லாத தண்ணீரில் அடியைப் பிரித்துக் காட்டும் என்றார். பழுப்பு என்றேன். முகத்தைச் சுற்றி வளைந்த சட்டம் பக்கத்து வெயிலை மறைக்கும், ஆனால் இவ்வளவு பவரை அதில் வைத்தால் ஓரங்களில் உருவம் நெளியும் என்றார். வளைவு குறைந்த சட்டத்தை எடுத்தோம். தூண்டில் முடிச்சுப் போட வசதியாகக் கீழ்ப்பாதியில் கிட்டப் பார்வையும் வைத்துத் தரட்டுமா என்று கேட்டார். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. பெரியப்பா அப்படி ஒரு மாதிரிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து, படகில் நிற்பது போலக் காலை அகட்டி நின்று, தன் பாதத்துக்கு முன்னால் தரையைப் பார்த்தார். சட்டென்று மேசையைப் பிடித்தார்.

"தரை கரைஞ்சு போகுதும்மா. எனக்குப் பாக்க வேண்டியதெல்லாம் காலுக்குக் கீழதான் இருக்கு."

கீழ்ப்பாதி வேண்டாம் என்றாகிவிட்டது.

கண்ணாடி தயாராகி வந்த அன்று, அதைப் போட்டுப் பார்த்தவர் என் கைப்பேசியை வாங்கி நேரம் பார்த்தார். படுக்கை வாட்டில் திருப்பியதும் அவர் முகம் மாறியது. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, கண்களை மூடித் திறந்தார்.

"எல்லாம் இருட்டாயிடுச்சு" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

கடைப் பெண் வந்து கைப்பேசியை நிமிர்த்திக் காட்டினார். திரை திரும்பி வந்தது. இந்த வகைக் கண்ணாடியில் சில திரைகள் ஒரு கோணத்தில் அப்படித்தான் கறுத்துப்போகும், கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்றார். பெரியப்பா தலையாட்டினார். ஆனால் வீடுவரை அந்தக் கண்ணாடியைப் போடவில்லை.

மறுநாள் காலை அப்பா என்னையும் படகில் ஏறச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. நான் நடுப்பலகையில் உட்கார்ந்தேன். கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் பெரியப்பாவைப் பார்த்துச் சீட்டியடித்தார்கள். "கொக்கு சினிமாவுல சேந்துடுச்சுடா" என்றார் ஒருவர். பெரியப்பா கண்ணாடியின் கயிற்றைப் பின்கழுத்தில் இறுக்கிக்கொண்டார்.

வெயில் ஏறியிருந்தது. சந்தை நெருங்கியதும் அவர் முனையில் ஏறினார். கையை நீட்டவில்லை. படகு போய்க்கொண்டே இருந்தது. நான் அவர் முதுகையே பார்த்தேன். அந்த முதுகு விறைத்தது. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின.

அப்படி ஒரு சைகையே கிடையாது. அப்பா எஞ்சினை அணைத்துவிட்டார்.

சந்தில் எஞ்சினை அணைக்கக் கூடாது. பக்கவாட்டில் வரும் நீரோட்டம் படகை மெல்லத் திருப்பத் தொடங்கியது. பாறையில் தண்ணீர் உறிஞ்சும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது.

"அண்ணே, கை காட்டுங்க."

பெரியப்பா தலையை நன்றாகச் சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடி சாய்த்தார். "தலையச் சாச்சா ஒண்ணும் தெரியல. நிமுந்தா எல்லா எடத்துலயும் பாறைடா. படகுக்கு அடியிலேயே இருக்கு. தொட்டுடும் போல இருக்கு."

அத்தனை வருடமும் அவர் அடியைப் பார்த்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தண்ணீரின் மேல் வெயில் நெளிவதை வைத்து, எங்கே நெளிவு உடைகிறதோ அங்கே பாறை என்று கை காட்டியிருக்கிறார். கண் மங்கியதும் அந்த நெளிவு மங்கிவிட்டது. நான் வாங்கிக் கொடுத்த கண்ணாடி அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கீழே இருந்ததைக் காட்டிவிட்டது. தெளிந்த தண்ணீரில் ஆழத்தில் இருப்பது பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும் என்று நான் படித்திருந்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

"கண்ணாடியக் கழட்டிடுங்க" என்றார் அப்பா.

"கழட்டினா ஒண்ணுமே தெரியாதுடா தம்பி." இதைச் சொல்லிவிட்டு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அன்னிக்கும் தெரியல."

படகு பாதி திரும்பிவிட்டது. என் காலடியில் கரையிலிருந்து தள்ளிவிடும் நீளக் கழி கிடந்தது. ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காக மட்டுமே அதை எடுத்துத் தண்ணீரில் இறக்கினேன். முழங்கை நனையும்வரை போயும் கழி எதையும் தொடவில்லை.

"பெரியப்பா, இங்க தட்டலை."

அவர் முதல் முறையாகத் திரும்பினார். கழியைப் பார்த்தார், பிறகு அது இறங்கிய இடத்தில் தண்ணீரைப் பார்த்தார். "அந்த மஞ்சப் பாறை மேலயா விட்ட?"

"எனக்குப் பாறையே தெரியல. நேரா கீழ விட்டேன்."

"அது அவ்ளோ கீழயா கெடக்கு" என்று தனக்குள் சொன்னார். கொஞ்சம் முன்னால் விடச் சொன்னார். அங்கே கழி பாதியில் டொக்கென்று இடித்தது. என் தோள்வரை அதிர்ந்தது. "அப்ப கறுப்புதான் கிட்ட. மஞ்ச தூரம்." அவருடைய இடது கை மெதுவாக எழுந்தது. நான் இடப்பக்கம் கழியை விட்டேன். தட்டவில்லை.

அப்பா எஞ்சினைக் கிளப்பினார். அண்ணன் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று முன்னாலும் பார்த்தார். பெரியப்பாவுக்கு அது தெரிந்திருக்கும். பின்னால் யாராவது எழுந்தால் படகின் ஆட்டத்திலேயே கண்டுபிடிப்பவர். ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் நடக்கும் வேகத்தில் சந்தைத் தாண்டினோம்.

வெளியே போய்த் தூண்டில் போட்டோம். ஒரு தடவை மட்டும் பெரியப்பா, இந்தப் பாறைகளுக்கு மேல்தான் இத்தனை நாள் பாட்டுப் பாடிக்கொண்டு போனோமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா சிரிக்க முயன்றார். எனக்கோ, அவருக்குக் கண்ணைக் கொடுத்தோமா, நிம்மதியைப் பிடுங்கிக்கொண்டோமா என்று புரியவில்லை. டாக்டரிடம் எப்போது போவது என்று பெரியப்பாவிடம் கேட்டேன். வர்ற வாரம் என்றார், தட்டிக்கழிக்காமல்.

திரும்பும்போது சந்தின் வாயில் எங்களுக்குப் பின்னால் இன்னொரு படகு வந்து அலுத்துக் கூவியது. என்ன ஊர்வலமா போறீங்க, வழி விடுங்க என்று. அப்பா வேகம் கூட்டவில்லை. பெரியப்பா கண்ணாடியோடு முனையில் குனிந்து நின்றார். நான் கழியை விட்டுக்கொண்டே வந்தேன். அந்தப் படகு பொறுமையிழந்து எங்களை ஒட்டி முந்திக்கொண்டு, முழு வேகத்தில் பாறைகளுக்கு மேலே சிரித்துக்கொண்டு போனது. பெரியப்பா அந்தப் படகின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அது கரை சேரும்வரை, வேகம் குறை என்று அவர் கையைத் தாழ்த்தியே வைத்திருந்தார்.