ஸ்டிக்கர் ஒட்டும் இடம்

காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் எனக்குக் கண் பாதி மூடிக்கொள்ளும். தூக்கமில்லை, மனசுக்குள் பேரம். ஸ்ரீரங்கத்தில் வீடு, மன்னார்புரத்தில் கடை, நடுவில் இந்தப் பாலம். உதிரிப் பாகங்களை வாங்கி நானே கம்ப்யூட்டராகப் பூட்டி விற்கிறேன். அன்றைக்கு யாரிடம் பேரம் பேச வேண்டுமோ அவர் பாலத்தில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஆற்றில் தண்ணீர் இருந்தால் அதன் வெளிச்சம் பஸ் கூரையில் ஆடும். அதைப் பார்த்தபடியே நான் ஒரு வார்த்தை சொல்வேன், அவர் வாயடைத்துப் போவார். பாலத்தில் நான் தோற்றதே கிடையாது.

அதிகம் வந்து உட்கார்ந்தவர் ஒரு பிராசஸர் கம்பெனியின் விற்பனை ஆள். பிராசஸர்தான் கம்ப்யூட்டரின் மூளை. எங்கள் கடைகளுக்கு அதைக் கொடுப்பது இரண்டே இரண்டு பெரிய கம்பெனிகள். "உங்ககிட்ட இல்லேன்னா அவங்ககிட்ட வாங்கிக்கறேன்" என்று மிரட்டலாம், என்னைப் போன்றவளுக்கு அவ்வளவுதான் பலம். அதையும் நானே தொலைத்தேன்.

திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி, லேபுக்கு முப்பது கம்ப்யூட்டர் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பதிலும் முன்பக்கம் என் ஸ்டிக்கர் இருக்கும்: நீலத்தில் ஒற்றை அலை, நானே வரைந்தது, கீழே கடைப் பேர். என் பேரைச் சொல்லிக் கேட்டு ஆட்கள் வர வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்தக் குஷியில், சல்லிசாகக் கிடைக்கிறதென்று மதர்போர்டு முப்பதையும் முதலிலேயே வாங்கி அடுக்கிவிட்டேன். ஒரு கம்பெனிக்கான போர்டில் இன்னொரு கம்பெனி பிராசஸர் உட்காராது. புத்தியுள்ள எவளாவது பிராசஸர் கைக்கு வருமுன் போர்டு வாங்குவாளா?

அந்த விற்பனை ஆள் கடைக்கு வந்தார். நானும் பெரிய சாமர்த்தியசாலி மாதிரி, போட்டிக் கம்பெனியின் காலி டப்பா ஒன்றைக் கண்ணில் படும்படி மேஜையில் வைத்திருந்தேன்.

"இந்த மாசம் உங்களுக்கு அலகேஷன் இல்லைங்க மேடம்."

அலகேஷனாம்! ரேஷன் கடையில் சரக்கு இல்லை என்பார்களே, அதற்கு டை கட்டிவிட்ட சொல்.

"பரவால்லீங்க. அவங்க தரேன்னுட்டாங்க" என்று டப்பாவைத் தட்டினேன். அது டொக்கென்று காலியாகச் சத்தம் போட்டது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. எனக்குப் பின்னால் அடுக்கியிருந்த போர்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல எங்களது மட்டுந்தானே மேடம் உட்காரும்?"

சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

"ஒண்ணு பண்ணலாம்" என்றார். "முன்னாடி எங்க ஸ்டிக்கரை ஒட்டிடுங்க. உங்களதைப் பின்னாடி ஒட்டிக்குங்க. முப்பதும் இந்த வாரமே வரும்."

"நான் பூட்டுற கம்ப்யூட்டருங்க அது!"

"யாருங்க இல்லேன்னா? வெறும் ஸ்டிக்கர்தானே மேடம்."

பள்ளிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஒட்டினேன். அவர்களுடையது பளபளவென்று முன்னால். என் அலை பின்னால், ஒயர்களுக்கு நடுவில், சுவரைப் பார்த்துக்கொண்டு. வயிறெரிச்சல் தாங்கவில்லை. ஆனால் லேபில் முப்பது திரையும் ஒன்றாக வெளிச்சமானபோது பிள்ளைகள் 'ஹே' என்று கத்தினார்கள் பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பிறகு ஒரு மவுஸ் மக்கர் செய்தால்கூட நானே ஓடினேன்.

இரண்டு வருஷம் கழித்து, பள்ளியில் இன்னொரு லேப் வரப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தலைமையாசிரியை காபி கொடுத்தார். அப்புறம் தயங்கித் தயங்கி, "துவாக்குடில ஒருத்தர்கிட்ட ஆர்டர் சொல்லிட்டோங்க" என்றார்.

"நான் குடுத்ததுல ஏதாச்சும் குறைங்களா?"

"அய்யய்யோ, ஒரு குறையும் இல்லீங்க! அதனாலதான் அதே கம்ப்யூட்டரையே வாங்கறோம்." மேஜையிலிருந்த, நான் பூட்டிய கம்ப்யூட்டரின் முன்பக்க ஸ்டிக்கரை விரலால் தொட்டுக் காட்டினார். "இதேதாங்க. யார் பூட்டிக் குடுத்தா என்ன?"

மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை அவர். காபி ஆறுகிறதே என்று வேறு கவலைப்பட்டார்.

அன்றைக்குப் பாலத்தில் விற்பனை ஆள் வரவில்லை. தலைமையாசிரியைதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதே பிரியத்தோடு, "யார் பூட்டிக் குடுத்தா என்ன?" என்று கேட்டார். ஆறு நிறையத் தண்ணீர். கூரையெல்லாம் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. பஸ் பாலத்தைத் தாண்டி மாம்பழச் சாலையில் திரும்பும் வரை தேடினேன். ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.