பின்சீட்டு ஓரத்து இடம்

விடிகாலையில் போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பில் பின்சீட்டு ஓரம் வீரலட்சுமியின் இடம். தோட்டத்துச் சரிவில் வழுக்கி அவள் முழங்கால் பிசகியதிலிருந்து மொக்கம்மாள் அங்கே உட்கார ஆரம்பித்தாள். பிசியோதெரபி பார்க்கும் அருணாவிடம் போகச் சொன்னதும் அதே மொக்கம்மாள்தான். இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று சந்தேகப்பட வீரலட்சுமிக்கு இது போதாதா?

சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த அருணா கட்டும் போடவில்லை, எண்ணெயும் தேய்க்கவில்லை. கேள்விதான் கேட்டாள்.

“தோட்டத்துல எப்படி வேலை செய்வீங்கக்கா?”

இவளுக்கு எதற்கு அது? எதிர்வீட்டு ஜக்கம்மாளிடம் ஒரு டாக்டர் இப்படித்தான் விசாரித்து, இனிக் குத்தவைத்து உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதோடு ஜக்கம்மாளுக்கு மலை வேலை இல்லை என்றாகிவிட்டது.

“நின்னுக்கிட்டேதான் காய் எடுப்போம்” என்றாள் வீரலட்சுமி.

அருணா நம்பினாள். நிற்கவும் படியேறவும் பயிற்சி கொடுத்தாள். நடை தேறியது. ஆனால், வீட்டில் ஆளில்லாத நேரம் குத்தவைத்துப் பார்த்தால் பாதியிலேயே முழங்கால் வெடவெடத்தது. ஏலக்காய் செடியின் தூரடியில் அல்லவா காய்க்கிறது! அருணா வேண்டுமென்றே அரைகுறையாக விடுகிறாள், மொக்கம்மாள் ஏதோ சொல்லிவைத்திருக்கிறாள் என்று வீரலட்சுமி முடிவு கட்டினாள். தான் சொன்ன பொய் அவள் நினைவுக்கு வரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொக்கம்மாள் துணைக்கு வந்தாள். வேவு பார்க்கத்தான் என்று பட்டது.

“அக்கா இனி எவ்வளவு நேரமும் நிக்கலாம்” என்றாள் அருணா.

“நின்னு என்னத்தம்மா செய்ய? ஏலக்கா என்ன வானத்துலயா காய்க்குது?” மொக்கம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் குத்தவைத்தாள். மேட்டுப்பக்கக் காலை மடக்கி, பள்ளத்துக் காலை ஊன்றி, இல்லாத செடியைச் சுற்றி நகர்ந்து காட்டினாள்.

அருணா வீரலட்சுமி பக்கம் திரும்பினாள். “ஏன்க்கா மறைச்சீங்க?”

“சொன்னா மலைக்குப் போகாதேம்பீக.”

“நீங்க போகணும்னுதான கேட்டேன்!”

அன்றே பயிற்சி மாறியது. முதலில் சன்னல் கம்பியைப் பிடித்து அரைகுறையாகக் குந்துவது, பிறகு பிடி இல்லாமல், கடைசியில் வாய்க்கால் கரைச் சரிவில். அங்கே முழங்கால் நடுங்காமல் நின்ற பிறகுதான் அருணா சரி என்றாள்.

மறுநாள் ஜீப்பில் மொக்கம்மாள் உள்ளே நகர்ந்து இடம் விட்டாள். “வெரசா ஏறு ஆத்தா. ஒன் சீட்டச் சூடு ஆறாம வச்சிருக்கேன்.”

வீரலட்சுமி உட்காருமுன் சீட்டைக் கையால் தடவிப் பார்த்தாள்.

“என்னத்தத் தேடுற?”

“ஒண்ணுமில்ல. இம்புட்டு லேசா விட்டுட்டியேன்னு பாக்குறேன்.”